தங்காயியின் தோல் போன தூரம்

தங்காயியின் உடம்பு தோலோடு நிற்காமல் வெளியே போக ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை; அன்றைக்குக் குழாயில் தண்ணீர் விடுகிற முறை மேற்கு வீதிக்கு என்பதால் எல்லாரும் குடமும் சண்டையுமாக இருந்தார்கள், யாரும் அதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்குள் அவள் மகள் மேகலா தோசைக்கல்லில் விரலைச் சுட்டுக்கொண்டாள். வாசலுக்கு வெளியே வரிசையில் நின்ற தங்காயி 'ஸ்' என்று கையை உதறி, குடத்தை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்து, எந்த விரல் என்று கேட்காமலே சரியான விரலைப் பிடித்துத் தண்ணீர்ச் சொம்பில் முக்கினாள். எப்படித் தெரிந்தது என்று மேகலாவும் கேட்கவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதற்குள் கல்லில் இருந்த தோசை கருகிவிடும்.

அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். மேகலாவின் அப்பா போர்வெல் போடுகிற லாரியோடு மத்தியப் பிரதேசத்துக்குப் போனவர், மூன்று வருஷம் போன் பேசினார், அப்புறம் அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டார். மேகலா பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள்; ஏன் என்று கேட்டவர்களுக்கு "புடிக்கல" என்று சொன்னாள், அது உண்மையும்கூட. அம்மாவும் மகளும் ஊருக்கு வடக்கே இருக்கும் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குகிற வேலைக்குப் போனார்கள். மேகலாவுக்கு வாய் அதிகம் என்று ஊரில் பேர். அதுவும் உண்மை.

முதல் ஒன்பது நாள் தங்காயியின் தோல் வீட்டுச் சுவரோடு நின்றது. அந்த ஒன்பது நாளை மேகலா யாரிடமும் சொன்னதில்லை. தலைவலித்தால் அவள் சொல்வதற்கு முன்னால் அம்மா தைலத்தோடு வந்தாள். மாதவலி வந்தால் அம்மா தன் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வெந்தயத்தை எடுத்து வந்தாள். காரணமே இல்லாமல் சும்மா நெஞ்சு கனத்துக் கிடந்த ஒரு மத்தியானம் அம்மா பாத்திரம் விளக்குவதை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கனத்தில் பாதியை வாங்கிக்கொண்டது போல மூச்சு விட்டாள். உலகத்தில் ஒரு ஆள் இவ்வளவு தூரம் இன்னொரு ஆளுக்குச் சொந்தமாக இருக்க முடியும் என்று மேகலாவுக்கு அதற்கு முன்னால் தெரியாது.

பத்தாவது நாள் தோல் சுவரைத் தாண்டியது. பக்கத்து வீட்டு அமராவதியின் கைக்குழந்தைக்கு வயிறு உப்பிக்கொண்டது இந்த வீட்டில் தங்காயிக்கு வலித்தது. பிறகு வீதி. பிறகு எல்லா வீதியும். பிறகு கோவில் வேம்பு, ஆட்டுப்பட்டி, பண்ணையின் ஆறு ஷெட்டுகளும் அவற்றில் இருந்த நாற்பதாயிரம் கோழிகளும். அந்த மாதம் பண்ணையில் குஞ்சுகளுக்கு அலகு வெட்டுகிற முறை வந்தது; கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்கக் குஞ்சிலேயே அலகு நுனியைப் பழுக்கக் காய்ந்த தகட்டில் வைத்து வெட்டுவார்கள், அது எல்லாப் பண்ணையிலும் நடப்பதுதான். அன்று காலை எட்டு மணிக்கு மிஷினைப் போட்டார்கள். எட்டேகாலுக்குத் தங்காயி வாயைப் பொத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். மத்தியானத்துக்குள் அவளுடைய உதடு ஆயிரம் தடவை வெந்துவிட்டது. அவள் கத்தவில்லை. மூன்று நாள் வாயைத் திறக்க முடியாமல் இருந்துவிட்டு, நாலாம் நாள் திறந்தபோது அவள் முகத்தில் கோபமோ அழுகையோ இல்லை. மழை விட்ட பிறகு தெரிகிற மலை மாதிரி இருந்தாள்.

இது ஏன் நடந்தது என்று யாரும் ரொம்ப ஆராயவில்லை. ஊரில் லோகு சார் என்று ஓய்வு பெற்ற டிராயிங் வாத்தியார் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சமுதாயக்கூடத்தில் விழிப்பு வகுப்பு நடத்தினார். மனிதன் ஏற வேண்டிய ஏழு படிகளைத் தானே வரைந்து கலர் அடித்துச் சுவரில் மாட்டியிருந்தார். தங்காயி முட்டி வலிக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் ஆறு வாரம் போய் உட்கார்ந்தாள். முட்டி வலி போகவில்லை. தான் என்பது தோலோடு முடிகிறது என்ற எண்ணம் கரைவதுதான் ஐந்தாம் படி என்று லோகு சார் படத்தில் எழுதி வைத்திருந்தார். இருபத்திரண்டு வருஷமாக மூச்சைப் பிடித்து உட்கார்ந்தும் அவர் இரண்டாம் படியில்தான் நின்றுகொண்டிருந்தார். தங்காயியைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்து பார்த்தவர், அவள் காலில் விழுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, "உக்காரும்போது முதுகு நேரா இருந்துச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார். "கூனித்தான் உக்காந்தனுங்க, முட்டி வலி" என்றாள் தங்காயி.

ஊருக்கு வேறு அவசரம் இருந்தது. தோல் எதுவரைக்கும் போயிருக்கிறது என்று தெரிய வேண்டும். அதை டிராக்டர் ஓட்டுகிற ரத்தினவேல் பொறுப்பெடுத்துக்கொண்டான்; கபடிக்குக் கோடு போடுகிறவனும் அவன்தான். அடியில் ஓட்டை போட்ட தகர டப்பாவில் சுண்ணாம்புத் தூளை நிரப்பிக்கொண்டு, காதில் போனை வைத்துக்கொண்டு, தன் தொடையைத் தானே கிள்ளியபடி ஊரைச் சுற்றி நடந்தான்.

"இங்க?"

"வலிக்குது தம்பி" என்று வீட்டிலிருந்து தங்காயி சொல்வாள்.

ரெண்டு எட்டு. "இங்க?"

"வலிக்குது, மெதுவாக் கிள்ளு."

இன்னும் ரெண்டு எட்டு. "இங்கீங்க்கா?"

"ஒண்ணுமில்ல."

அங்கே டப்பாவைத் தட்டிக் கோடு போடுவான். மாதம் ஒருமுறை கோடு வெளியே நகர்ந்தது. தங்காயி எங்கே நடந்தாலும் கோடு கூடவே நடக்காது; அது மண்ணில் பிடித்துக்கொண்டிருந்தது. அவளாலும் கோட்டைத் தாண்டிப் போக முடியவில்லை, கால் வராது. தன் தோலைத் தாண்டி யாரால் வெளியே போக முடியும், இதில் என்ன அதிசயம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களின் வலியெல்லாம் அவளிடம் வந்து அவளுக்குள்ளேயே அடங்கிவிட்டது, திரும்பிப் போகவில்லை. ஆனால் அவளுக்கென்று சொந்தமாக எது ஏற்பட்டதோ அது எல்லாருக்கும் போனது. அவள் சாப்பிட்டால் ஊருக்கு வயிறு நிறைந்தது. இதை முதலில் கண்டுபிடித்தது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், பிறகு அவர்களுடைய தாய்மார்கள். ரெண்டு மாதத்தில் ஊரில் அடுப்பு எரிவது நின்றுவிட்டது. முறை வைத்து ஒரு வீட்டில் மட்டும் சமைத்துத் தங்காயிக்குக் கொண்டு வந்து வைத்தார்கள், அவள் சாப்பிடும்போது ஊர் முழுக்கத் திண்டில் சாய்ந்துகொண்டு ஏப்பம் விட்டது. "அக்கா, இன்னைக்கு ரெண்டாவது சோறு வாங்காம எந்திரிச்சிட்டீங்க, எங்க மாமனாருக்குப் பத்தலியாம்" என்று வீடு தேடி வந்து குறை சொன்னவர்களும் உண்டு. ஒரு கல்யாணத்தில் முந்நூறு பேருக்கு ஒரே இலை போட்டார்கள். மேகலாவுக்கும் வயிறு நிறைந்தது. தான் மெல்லாத சோறு தன் வயிற்றில் கிடப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் ஊரைப் பற்றிப் பொய் சொன்னதாகிவிடும். உள்ளே யாரை அடித்தாலும் தங்காயிக்கு வலிக்கும் என்பதால் ஊரில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. கோட்டுக்கு வெளியே கூட்டிப்போய் அடித்தார்கள். கெடா வெட்டு வெளியே, கோழி அறுப்பது வெளியே, அலகு வெட்டும் மிஷினையும் பண்ணைக்காரர் வெளியே ஒரு தகரக் கொட்டாய் போட்டு மாற்றிவிட்டார். பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளைகளை அப்பன்கள் தோளில் கை போட்டு அன்பாக நடத்திக்கொண்டு போய், சுண்ணாம்பைத் தாண்டியதும் பெல்ட்டைக் கழற்றினார்கள். அமராவதியின் புருஷன் ரத்தினவேல்தான். கோடு போட்டவனே குடித்துவிட்டு அவளை அந்தக் கோட்டுக்கு அப்பால் கூப்பிட்டான்; அவளும் குழந்தையை மேகலாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டு வந்தாள்.

"ஏன்க்கா கூப்புட்டவுடனே போறீங்க? உள்ளயே நின்னுக்க வேண்டியதுதான?"

"உங்கம்மாளுக்கு வலிக்குமே சாமி" என்றாள் அமராவதி. பிறகு சிரித்தாள். "அதுவுமில்லாம, கோடு வரவரத் தூரமாப் போவுது. அரை மைலு நடக்கறதுக்குள்ள அந்த ஆளுக்கு மூச்சு வாங்கி, பாதிப் போதை எறங்கிருது. இன்னும் ரெண்டு மாசம் உங்கம்மா இப்படியே வளரட்டும், அடிக்கவே தெம்பிருக்காது."

ஊருக்குத் தங்காயி இப்படி உபயோகமாக இருந்தாள். மேகலாவுக்குத்தான் இல்லை.

எப்போது மாறியது என்று சொல்ல முடியாது. ஒரு நாள் மேகலாவுக்குக் காய்ச்சல். "தெரியுது கண்ணு" என்று தங்காயி சொன்னாள், ஆனால் எழுந்திருக்கவில்லை, ஏனென்றால் அன்றைக்கு ஊரில் ஏழு பேருக்குக் காய்ச்சல், ஏழும் அவளுக்கு ஒரே காய்ச்சல். அவள் முகத்தில் அன்பு குறைந்துவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய். அன்பு நிறைய இருந்தது. குளத்துத் தண்ணீர் எல்லாக் கரையிலும் ஒரே உயரத்தில் நிற்பது போல எல்லார் மேலும் ஒரே அளவு நின்றது. மேகலாவைப் பார்க்கிற கண்ணாலேயே அமராவதியைப் பார்த்தாள், அவளைப் பார்க்கிற கண்ணாலேயே ரத்தினவேலைப் பார்த்தாள், அதே கண்ணால் மூன்றாம் நம்பர் ஷெட்டில் கால் முடங்கிய கோழியைப் பார்த்தாள். மேகலா என்று கூப்பிடும் குரலில் மேகலாவுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை.

மேகலா ஒருநாள் சோதித்துப் பார்த்தாள். அடுப்பை மூட்டி, தோசைக்கல்லைக் காய வைத்து, கட்டை விரலை அதில் அழுத்தி, பத்து எண்ணும்வரை எடுக்கவில்லை. தங்காயி நிதானமாகச் சமையல்கட்டுக்கு வந்தாள்.

"கட்டை விரல்ல சுட்டிருக்குது" என்றாள். "வடக்க ஷெட்டுல ஒரு கோழிக்கு முட்டை அடைச்சிருக்குது. ஓடு, மொதல்ல அதப் பாரு, அது செத்துரும்."

"அம்மா, நான் உனக்கு யாரு?"

தங்காயி கொஞ்சம் யோசித்தாள். உண்மையைத் தேடுகிறவள் மாதிரி யோசித்தாள், அதுதான் மேகலாவால் தாங்க முடியவில்லை.

"எல்லாருந்தான் கண்ணு" என்றாள்.

மேகலா அடுப்பை அணைத்தாள். அந்தக் கோழியைப் போய்ப் பார்த்தாள், விளக்கெண்ணெய் விட்டு முட்டையை வெளியே எடுத்தாள், பிறகு பண்ணையின் பின்பக்கமாக நடந்தாள். கோபத்தில் நடக்கிறவர்கள் எங்கே போகிறோம் என்று பார்ப்பதில்லை. முள்ளுக்காட்டைத் தாண்டி, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, வற்றிப்போன கிணற்று மேட்டில் ஒரு பழைய மோட்டார் ரூம் இருந்தது; அதன் நிழலில் போய் உட்கார்ந்தாள். கோடு வளர ஆரம்பித்ததில் இருந்து அவள் அதைத் தாண்டியதே இல்லை, அதற்கு வேலை வந்ததில்லை. வெளியே வந்ததும் வயிறு காலியானது. பசித்தது. தன்னுடைய பசி. அது நன்றாக இருந்தது.

அப்போது ஊரிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஊரில் இருந்து வேலைக்குத் தினமும் எத்தனையோ பேர் கோட்டைத் தாண்டிப் போனார்கள், தங்காயிக்கு அது தலைமுடி உதிர்கிற மாதிரிதான், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். இப்போது அவள் ஓடி வந்தாள். முட்டி வலியோடு, செருப்பு இல்லாமல், முந்தானை முள்ளில் மாட்டிக் கிழிய, பைத்தியம் மாதிரி ஓடி வந்து, கோட்டில் மோதியது போல நின்றாள்.

"மேகலா! எங்கடி போய்த் தொலைஞ்ச? திடீர்னு... திடீர்னு ஒண்ணு இல்லாமப் போச்சுடி."

எட்டு மாதத்துக்கு அப்புறம் அம்மா அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டாள்.

மேகலா எழுந்து கோட்டின் வெளிப்பக்கம் வந்து நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கை தூரம். தங்காயியின் முகம் கோணியிருந்தது, மூக்கு ஒழுகியது, கண் மகளைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. "என்ற பொண்ணு" என்றாள். "என்ற பொண்ணு, என்ற பொண்ணு." மேகலா மெதுவாக ஒரு விரலை நீட்டிக் கோட்டுக்கு உள்ளே வைத்தாள். அம்மாவின் முகம் தண்ணீர் ஊற்றிய அடுப்பு மாதிரி சட்டென்று அடங்கியது; பார்வை நழுவி வேம்பின் பக்கம் போனது. விரலை எடுத்தாள். அம்மா திரும்பி வந்து அழுதாள்.

விஷயம் இவ்வளவுதான் என்று மேகலாவுக்குப் புரிந்தது. உள்ளே இருந்தால் அவள் எல்லாரும். வெளியே இருந்தால் மகள்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. மோட்டார் ரூமைக் கூட்டிப் பெருக்கி அங்கேயே இருந்துகொண்டாள். தங்காயி காலையும் சாயங்காலமும் தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டு வந்து கோட்டின்மேல் வைத்துவிட்டு விலகுவாள், மேகலா வெளிப்பக்கமிருந்து எடுத்துக்கொள்வாள். தொட்டுக்கொள்ள முடியாது, அது மட்டும்தான் குறை. மற்றபடி எல்லாம் கிடைத்தது. "என்னடி தலை இது, குருவிக்கூடு மாதிரி? வாரித் தொலை." "ராத்திரி கதவுக்குக் கல்ல அண்டக் குடுத்தியா?" "ரசம் ஆறிப்போச்சுன்னு மூஞ்சியத் தூக்காத, வெந்நி வெச்சுக் குடுக்க உனக்கென்ன பத்து வேலையாளா இருக்குது?" அம்மா திட்டினாள், மேகலா திருப்பிப் பேசினாள், அவள் இன்னும் திட்டினாள். அப்பாவைப் பற்றி ஒருநாள் பேசினார்கள், அதற்கு முன் பேசியதே இல்லை. சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அம்மா அழுவதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நல்ல வார்த்தையில் சொல்ல வழியில்லை.

ஆனால் தங்காயியின் துக்கம் அவளுக்கென்று சொந்தமாக வந்த துக்கம். அது ஊர் முழுக்கப் போனது.

மூன்றாம் நாள் முதல் ஊருக்கு மேகலாவின் நினைப்பு வந்துவிட்டது. சலூனில் பாதி சவரத்தோடு ஆண்கள் விம்மினார்கள். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது இல்லாத ஒரு பேருக்காக வாத்தியார் காத்துக்கொண்டு நின்றார். நாற்பதாயிரம் கோழியும் தீவனத்தை விட்டுவிட்டுத் வடக்கே மோட்டார் ரூம் இருக்கிற திசையில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன, முட்டை பாதியாகக் குறைந்தது. தங்காயி சாப்பிடவில்லை என்பதால் ஊருக்குச் சாப்பாடும் ஒட்டவில்லை. அடுப்பை மறுபடி மூட்டிப் பார்த்தார்கள், எவ்வளவு தின்றாலும் வயிறு காய்ந்தே கிடந்தது. கோடு நகர்வது நின்றுபோனது.

ரத்தினவேல் கோட்டைத் தாண்டாமல் நின்றுகொண்டு சொன்னான்: "பாப்பா, உண்மையச் சொல்றேன், உன்ன எனக்குப் புடிக்கவே புடிக்காது. வாய்க்கொழுப்பெடுத்த பொண்ணு. ஆனா நாலு நாளா உன்ற நெனப்பாவே இருக்குது. டிராக்டர் ஓட்ட முடியல. வந்திரு சாமி." சொல்லிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"வெளிய வாண்ணா, நெனப்பு போயிரும். நீதான் தினமும் வர்றவனாச்சே" என்றாள் மேகலா. அவன் தலையைத் தொங்கப்போட்டான். அவள் அங்கே குடி வந்ததில் இருந்து அமராவதியை அந்தப் பக்கம் கூட்டி வர அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

லோகு சார் படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். "உங்கம்மா அஞ்சுல இருக்காங்கம்மா. மிச்சம் இருக்கிற ஒரே முடிச்சு நீதான். நீ உள்ள வந்துட்டா ஆறு, ஏழு ரெண்டும் தானா வந்துரும். மனுஷ குலத்துக்கே..."

"சார், இருபத்திரண்டு வருஷமா நீங்க ரெண்டாவது படியில நிக்கிறீங்க. உங்கள யாரு அங்க புடிச்சு வெச்சிருக்காங்கன்னு நான் கேட்டனா?"

அவர் படத்தை விரிக்காமலே, வரப்பில் உட்கார்ந்து, பிள்ளையைத் தொலைத்தவர் மாதிரி தேம்பினார். அவருக்குப் பிள்ளை கிடையாது. "இதுதானா அது" என்று கேட்டுக்கொண்டே அழுதார். "இது இப்படியா இருக்கும்?"

அமராவதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள், அது நாலு நாளாகச் சரியாகப் பால் குடிக்கவில்லை. அவள் 'வா' என்று கேட்கவில்லை. குழந்தையைக் காட்டிவிட்டு நின்றாள். மேகலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழட்டும் என்று நினைத்தாள். ஊர் முழுக்க அழட்டும். எட்டு மாதம் அவளுடைய அம்மாவை ஆளாளுக்குப் பிய்த்துத் தின்றார்களே, அப்போது யாராவது அவளை ஒரு வார்த்தை கேட்டார்களா?

பன்னிரண்டாம் நாள் தங்காயி வரவில்லை. பதின்மூன்றாம் நாள் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து கோட்டோரமாக வைத்துவிட்டு, பின்னால் வந்த ஊரோடு தள்ளிப் போய் நின்றார்கள். வளையல் முழங்கை வரைக்கும் ஏறிப் போயிருந்தது. கழுத்து நரம்பு இரண்டும் தனித்தனியாகத் தெரிந்தது. மேகலா மண்ணில் உட்கார்ந்தாள்.

"ஏன் சாப்புட மாட்டேங்கற?"

"எறங்கல."

"கஞ்சியாச்சும் குடி."

"நீ கல்லு மேல படுத்துக்கிட்டு இருக்கற, எனக்கெங்க கஞ்சி எறங்கும்?" குரல் காற்றாக வந்தது. "தலையப் பாரு. இன்னைக்கும் வாரல."

"அம்மா, நான் உள்ள வந்தா நீ சரியாயிருவியா?"

"ஆயிருவேன்."

"வந்தா... நீ போயிருவ."

தங்காயி பொய் சொல்லிப் பழகாதவள். "போயிருவேன்" என்றாள்.

"அங்க எப்படி இருக்கும்? வலிக்குமா?"

"வலிக்கும். ஆனா யாருக்கு வலிக்குதுன்னு இருக்காது. நல்லாத்தான் இருக்கும் கண்ணு. சும்மா சொல்லக்கூடாது, ரொம்ப நல்லா இருக்கும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு நாற்காலிக் கையை இறுக்கப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். "வராதடி."

"என்ன?"

"வராத. அவங்க எது சொன்னாலும் வராத. எனக்கு அந்த நல்லது வேண்டாம். நான் இப்படியே கெடக்கறேன், இங்கயே இந்தக் கோட்டுலயே கெடக்கறேன், நீ அங்கத்தாலயே உக்காந்துட்டு என்னைத் திட்டிட்டு இரு. இது நோவுதுடி. ஆனா இது என்னோடது."

தள்ளி நின்றவர்களுக்கு அது கேட்டது. அவர்களுக்கும் அதே நோவு இருந்தது.

மேகலா பதின்மூன்று நாளாக இதைத்தான் கேட்கக் காத்திருந்தாள். பதினேழு வருஷமாக என்றுகூடச் சொல்லலாம். கேட்டாயிற்று. அவள் அம்மாவின் கழுத்தைப் பார்த்தாள், ஒவ்வொரு மூச்சுக்கும் அதில் விழுகிற குழியைப் பார்த்தாள், இன்னும் நாலு நாள், மிஞ்சினால் ஐந்து என்று கணக்குப் போட்டாள், எழுந்தாள்.

"மேகலா. வேண்டாம். சொன்னா கேளு. மேகலா!"

"நான் எப்ப நீ சொல்லிக் கேட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு வலது காலைக் கோட்டுக்கு உள்ளே வைத்தாள்.

ஊருக்கு வந்துகொண்டிருந்த துக்கம் உள்ளே வைத்த காலின் வழியாக அவளுக்கும் வந்தது. ஒரு பெண்ணைக் காணவில்லை. வகிடு கோணலான ஒரு பெண், வாய்க்கொழுப்பெடுத்த, தோசையைத் தீய்க்கிற, பிறந்தவுடன் அழாமல் முறைத்துப் பார்த்த, தூங்கும்போது வாயைத் திறந்து தூங்குகிற, காதுமடலுக்குப் பின்னால் சோளத் தவிட்டு வாசம் அடிக்கிற ஒரு பெண்ணைக் காணவில்லை, அவள் இல்லாத இடம் ஊரைவிடப் பெரிதாக, நாற்பதாயிரம் அலகின் எரிச்சலைவிடப் பெரிதாகத் திறந்து கிடந்தது, அவளைக் கொண்டு வராவிட்டால் சோறு சோறில்லை வெயில் வெயிலில்லை என்று ஒரு தவிப்பு மேகலாவின் நெஞ்சைப் பிடித்து உலுக்கியது, அவளும் அந்தப் பெண்ணுக்காக, யாரென்று தெரியாமல், வாய்விட்டு ஒரு சத்தம் போட்டாள். இப்படி ஒருத்தியா, என்று நினைத்தாள். இவ்வளவு வேண்டிய ஒருத்தி இருக்க முடியுமா? பிறகு தெரிந்தது, அது தான்தான் என்று. தெரிந்தபோது இடது காலும் உள்ளே வந்துவிட்டது, காணாமல் போனவள் கிடைத்துவிட்டாள், தேடுவதற்கு யாரும் இல்லை. தவிப்பு நின்றது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சு விட்டது.

தங்காயி நாற்காலியிலிருந்து எழுந்தாள். யார் கையையும் பிடிக்காமல் எழுந்தாள். "கொஞ்சம் கஞ்சி இருந்தாக் குடுங்க" என்று பொதுவாகச் சொன்னாள், நாலு பேரும் நாலு பக்கம் ஓடினார்கள். அவள் மேகலாவைப் பார்த்தாள். நிறைந்த அன்போடு பார்த்தாள், பிறகு அதே அன்போடு பனைமரத்தைப் பார்த்தாள், வரப்பில் இருந்த லோகு சாரைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, நாலாம் ஷெட்டுப் பக்கம் என்னவோ வலி இருப்பது போல அந்தத் திசையில் மெதுவாக நடந்து போனாள். முந்தானை இன்னும் கிழிந்தே இருந்தது. அதை மாற்றச் சொல்ல வேண்டும் என்று மேகலாவுக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

ஊர் கலைந்து போனது. கிளம்பும்போது ஒருத்தரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேண்டுமென்று இல்லை, நினைப்பு போய்விட்டது, அவ்வளவுதான். நாற்காலியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். மேகலா அதைத் தூக்கலாம் என்று போய்க் கை வைத்தாள். உட்காருகிற இடத்தில் இன்னும் சூடு இருந்தது. வராதடி என்று சொன்னவள் உட்கார்ந்திருந்த சூடு. அவள் அதில் ஏறி, கால் இரண்டையும் மேலே இழுத்துச் சுருட்டிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்தாள். பிளாஸ்டிக்கில் சூடு ரொம்ப நேரம் நிற்காது.